முழங்காலில் வரைந்த மைதானம்

மார்ச் 2

அன்புள்ள தம்பிக்கு,

நான் கூப்பிடும்போதெல்லாம் மணி அடிக்கிறது, நீ எடுப்பதில்லை. தொலைபேசி இணைப்பகத்தில் வேலையில் இருந்தவரை ஊரார் அழைப்பையெல்லாம் இணைத்துக் கொடுத்தவன், அக்காவின் அழைப்பை மட்டும் எடுக்க மாட்டேன் என்கிறாய். அதனால்தான் கடிதம். உன் மருமகள் வாசித்துக் காட்டட்டும். மருமகளே, உன் மாமா எரிச்சலில் எழுந்து போனாலும் நீ பின்னாலேயே போய் வாசி.

நம் பழைய ஸ்டேடியத்தை இடிக்கப் போகிறார்கள். மே மாதப் போட்டியோடு சரி. ஊருக்கு வெளியே புதிது எழும்பி நிற்கிறது. அதற்கு முன்பு பழைய ரசிகர்கள் தங்கள் நினைவுகளை எழுதித் தரலாம், தொகுத்துப் புத்தகமாகப் போடுகிறோம் என்று கிளப்பில் அறிவித்திருக்கிறார்கள். நானும் எழுதினேன்.

வேறு எதை எழுதுவேன்? பிறவியிலேயே பார்வை இல்லாத உன்னை நான் முதன்முதலாக அங்கே அழைத்துக்கொண்டு கிளம்பியதை எழுதினேன். அப்பா வாசலில் மறித்தார். "கண்ணு தெரியாதவனை எதுக்கும்மா கால்பந்துக்கு இழுத்துட்டுப் போற?" என்றார். "அவனுக்குக் காது நல்லா இருக்குப்பா" என்றேன். கிழக்கு கேலரியில் மூன்றாவது பலகையில் உட்கார்ந்தோம். உன் இடது முழங்கால் நம் கோல், வலது முழங்கால் எதிரணி கோல். பந்து போகிற வழியெல்லாம் என் விரலும் உன் கால்மேல் ஓடும், வாய் சொல்லிக்கொண்டே போகும். இடைவேளைக்குப் பிறகு கோல்கள் இடம் மாறும் என்பதை உனக்குப் புரியவைக்க நான் பட்ட பாடு, பள்ளியில் பின்னப் பாடம் நடத்தும்போதுகூடப் பட்டதில்லை.

உன் கோபம் எதற்கு என்று எனக்குத் தெரியும். ஜனவரியில் கூப்பிட்டு, 'வாத்து' என்று ஊரே கூப்பிட்ட நம் அணி ஆட்டக்காரனைப் பற்றி ஒரே கேள்விதான் கேட்டாய். "அந்த அரையிறுதியில வாத்து பெனால்டியை மேல அடிச்சானா இல்லையா? நேரா சொல்லுக்கா." நான் வாயைத் திறப்பதற்குள் வைத்துவிட்டாய். ஒரு பழைய ஆட்டத்துக்காக இத்தனை மாதமா? கடைசிப் போட்டிக்கு இரண்டு சீட்டு வாங்கி வைத்திருக்கிறேன். வா, பக்கத்தில் உட்கார்ந்து சண்டை போடு.

உன் அக்கா


மார்ச் 10

அக்கா,

இனிமேல் கையால் எழுதாதே. தட்டச்சு செய்து மின்னஞ்சலில் அனுப்பு, என் கணினி சத்தமாக வாசிக்கும். மருமகள் நல்ல பெண்தான். ஆனால் உன் கடிதத்தில் ஓரிடத்தில் நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு அடுத்த வரிக்குப் போனாள். "என்னம்மா விட்டுட்டே?" என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல மாமா" என்றாள். பிறகு வற்புறுத்தித்தான், அப்பா சொன்ன 'கண்ணு தெரியாதவனை' என்ற சொல்லை வாங்கினேன். கணினிக்கு என்மேல் இரக்கம் கிடையாது. அதனால் அதை நம்புகிறேன்.

ஒரு பழைய ஆட்டம் என்கிறாய். கிளப்காரர்கள் பழைய வானொலி வர்ணனைகளை இணையத்தில் போட்டிருக்கிறார்கள். அந்த அரையிறுதியை ஆசையோடு தேடிப்பிடித்துக் கேட்டேன். வாத்து பந்தைக் கம்பத்துக்கு மேலே அடித்தான். கூட்டம் புட்டிகளை வீசியது. அவன் அழுதுகொண்டே வெளியே போனான், அந்த மைதானத்தில் அதன் பிறகு ஆடவே இல்லை. நீ எனக்குச் சொன்னது என்ன? வாத்து பிரமாதமாக அடித்தான், கோல்கீப்பர் உயிரைக் கொடுத்துத் தடுத்தான், பிறகு வாத்து கால் வலியால் வெளியேறினான்.

அந்தத் தடுப்பை நான் எத்தனை பேரிடம் விவரித்திருப்பேன் என்று யோசித்துப் பார். தொலைபேசி இணைப்பகத்தில் புதிதாக யார் சேர்ந்தாலும் சொல்வேன். என் பிரிவு உபசார விழா மேடையில்கூடச் சொன்னேன், கை தட்டினார்கள். என் பக்கத்து மேசையில் இருந்த நண்பரைப் போன மாதம் கூப்பிட்டுக் கேட்டேன். அன்று அவரும் கிழக்கு கேலரியில் இருந்தவர். "தெரியும்ப்பா, எல்லாருக்குமே தெரியும். நீ சந்தோஷமா சொல்லிட்டு இருந்தே, எதுக்குக் கெடுக்கணும்னு விட்டுட்டோம்" என்றார்.

எல்லாரும் சேர்ந்து எனக்கு முள் எடுத்த மீனை ஊட்டியிருக்கிறீர்கள். நான் என்ன கைக்குழந்தையா?

இன்னொன்றும் சொல்கிறேன். கோல் விழும்போது கூட்டம் போடும் சத்தம் எனக்கும்தான் கேட்கும். அது நல்ல சத்தமா கெட்ட சத்தமா என்றும் தெரியும். ஆனால் கெட்ட சத்தத்துக்குப் பிறகு, நீ பேச ஆரம்பிக்கும் முன் ஒரு சின்ன இடைவெளி இருக்கும். மூச்சு வாங்குகிறாய் என்று நினைத்திருந்தேன். எனக்கு எதைத் தரலாம், எதை விடலாம் என்று பொறுக்கிக்கொண்டிருந்தாய் என்பது இப்போதுதான் தெரிகிறது. அத்தனை பேரும் தலையில் கை வைத்து உட்கார்ந்த பிறகுதான் எனக்குத் தோல்வி வந்து சேரும், அதுவும் வடிகட்டி.

கடைசிப் போட்டிக்கு நான் வருவேன், ஆனால் உன்னோடு இல்லை. பார்வையற்ற ரசிகர்களுக்கு ஹெட்போன் தரப்போகிறார்களாம். கண்ணாடி அறையில் ஒருவர் உட்கார்ந்து எங்களுக்கென்றே வர்ணனை செய்வார். எனக்கு அவரைத் தெரியக் கூடாது, அவருக்கு என்னைத் தெரியக் கூடாது. அதுதான் எனக்கு வேண்டும்.

தம்பி


மார்ச் 18

தம்பிக்கு,

ஒற்றை விரலால் தட்டி இதை எழுதுகிறேன். பிழை இருந்தால் உன் கணினி பொறுத்துக்கொள்ளட்டும்.

நீ கேட்டதை நேராகச் சொல்கிறேன். வாத்து பந்தை வைத்துவிட்டுப் பின்னால் நடந்தான். அந்த நடையால்தான் அவனுக்கு அந்தப் பெயரே வந்தது, அன்றைக்கு நடை இன்னும் மோசமாக இருந்தது. ஓடி வந்து அடித்தான். பந்து கம்பத்துக்கு மேலே போய்ச் சுவரைத் தாண்டித் தெருவில் விழுந்தது. முதலில் நம் கேலரியிலிருந்துதான் புட்டி போனது. நமக்கு இரண்டு பலகை பின்னால் இருந்து, எப்போதும் உனக்குக் கடலை கொடுப்பாரே, அவர்தான் வீசினார். ஒரு புட்டி வாத்தின் தோளில் பட்டது. அவன் குனிந்து அதை எடுத்து, யார் காலிலும் பட்டுவிடாதபடி கோட்டுக்கு வெளியே வைத்துவிட்டுப் போனான். அவன் அழுததை நான் பார்க்கவில்லை. முதுகைத்தான் பார்த்தேன்.

அந்த வாரம்தான் வேலை கேட்டுப் போன உன்னை இணைப்பகத்தில் திருப்பி அனுப்பியிருந்தார்கள். "வாத்து இன்னைக்கு நல்லா ஆடட்டும், திங்கட்கிழமை மறுபடியும் போய்க் கேக்கறேன்" என்று நீ கேலரிப் படி ஏறும்போது சொன்னாய். நான் என்ன செய்திருக்க வேண்டும்? நன்றாகத்தான் அடித்தான், அவர்கள் தடுத்துவிட்டார்கள் என்றேன். திங்கட்கிழமை நீ போனாய். வேலை கிடைத்தது.

சரி, அது கிடக்கட்டும். உனக்குத் தெரியாத ஒருவர் வர்ணனை செய்ய வேண்டும் என்கிறாய். அதற்கு ஆள் எடுப்பதை விசாரித்துக்கொண்டு கிளப் அலுவலகத்துக்குப் போனேன். பொறுப்பாளராக ஒரு இளம்பெண். என் நரைத்த தலையைப் பார்த்துவிட்டு, "டீச்சர், இது ரொம்ப கஷ்டம். தொண்ணூறு நிமிஷம் விடாம பேசணும்" என்றாள்.

"மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் வர்ற பீரியட்தான் எனக்கு எப்பவும் கொடுப்பாங்க. பாதி வகுப்பு தூங்கினாலும் பேச்சை நிறுத்தினது இல்லம்மா" என்றேன்.

சிரித்துவிட்டாள். விண்ணப்பித்தவர்கள் ஒரு சாதாரண லீக் ஆட்டத்தை வர்ணித்துப் பதிவு செய்து தர வேண்டும். யார் குரல் என்று சொல்லாமல் பார்வையற்ற ரசிகர்களான உங்கள் குழுவுக்கு அனுப்புவார்கள், நீங்கள்தான் தேர்ந்தெடுப்பீர்கள். என் குரல் உனக்குத் தெரியாமல் இருக்காது. தெரிந்தாலும் சலுகை காட்டாதே.

உன் அக்கா


ஏப்ரல் 4

அக்கா,

சலுகை காட்டவில்லை. குழுவில் எல்லாருக்கும் உன் பதிவு பிடித்திருக்கிறது. ஒருத்தர் மட்டும் வேண்டாம் என்று சொன்னார், அது நான். ஒருவர் மறுத்தால் இன்னொரு பதிவு கேட்பார்களாம், கேட்பார்கள். அதற்கு முன்பு காரணத்தையும் தெரிந்துகொள்.

எதிரணிக்காரன் நம் பையனின் காலை வெட்டிவிட்டான். "லேசாகத் தட்டிவிட்டான்" என்கிறாய். "ஸ்டிரெச்சரைக் கொண்டாங்கடா" என்று யாரோ கத்துவது உன் பதிவிலேயே கேட்கிறது. லேசாகத் தட்டியதற்கு எதற்கு ஸ்டிரெச்சர்?

அடுத்தது உன் உதாரணங்கள். பந்து கோலுக்கு முன்னால் உருண்டுகொண்டிருக்கிறது. வீட்டுப்பாடம் எழுதாத மாணவன் ஆசிரியர் மேசையைத் தாண்டிப் போவது மாதிரி என்று நீ ஆரம்பிக்கிறாய். அந்த மாணவனை நீ அவன் இடத்தில் உட்காரவைப்பதற்குள் கோல் விழுந்துவிட்டது. மற்றவர்கள் இதைக் கேட்டுச் சிரிக்கிறார்கள். அவர்களுக்கு நீ புதிது.

பந்து எங்கே, யாரிடம், என்ன ஆயிற்று. இதைச் சொல்லி முடித்த பிறகு நேரம் இருந்தால் உன் மாணவனைக் கூட்டிக்கொண்டு வா.

திங்கட்கிழமைக் கதையையும் விட்டுவிடு. வாத்து வானத்தில் அடித்ததையும் அந்தக் கடலைக்காரர் புட்டி வீசியதையும் நீ சொல்லியிருந்தாலும் நான் போயிருப்பேன். ஒருவேளை இன்னும் கோபத்தோடு போயிருப்பேன். அவன் அந்தப் புட்டியை ஓரமாக வைத்துவிட்டுப் போனான் என்று உன் கடிதத்தில் கேட்டபோது கணினியை நிறுத்தி, அந்த வரியை மறுபடியும் வாசிக்கவைத்தேன். அதை ஏன் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டாய்? நீ சொன்ன தடுப்பைவிட அது எவ்வளவோ பெரியது.

தம்பி


ஏப்ரல் 15

தம்பிக்கு,

உன் கடிதத்தை அச்செடுத்துச் சமையலறைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். பந்து எங்கே, யாரிடம், என்ன ஆயிற்று. காய் நறுக்கும்போதுகூட வெங்காயம் எங்கே, கத்தி யாரிடம் என்றுதான் ஓடுகிறது.

தினமும் மாடி முகப்பில் நின்று தெருவை வர்ணித்துப் பதிவு செய்கிறேன். எதிர்வீட்டுக்காரி முதலில் கவனித்தாள், பிறகு கவலைப்பட்டாள். போன வாரம் மேலே ஏறி வந்து, "டீச்சர், தனியா பேசிக்கிட்டு நிக்கறீங்களே, உங்க பிள்ளைக்குத் தகவல் சொல்லட்டுமா?" என்றாள். விளக்கிச் சொன்ன பிறகு அவளும் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டாள். இப்போது அவள்தான் என் சோதனை ரசிகை. புரியாவிட்டால் "யாரு? எந்தப் பக்கம்?" என்று அதட்டுகிறாள்.

நேற்று எதிர்க்கட்டடத்தில் வீடு காலி செய்கிறவர்கள் கட்டிலைக் கீழே இறக்கினார்கள். கட்டில் மாடிப்படித் திருப்பத்தில் மாட்டிக்கொண்டது. மேலே பிடித்திருந்தவன் கீழே பிடித்திருந்தவனின் அம்மாவை இழுத்துத் திட்டினான். "ஏதோ சொல்கிறான்" என்று நான் கடந்துபோனேன். எதிர்வீட்டுக்காரி கண்ணைத் திறக்காமலே, "என்ன சொன்னான்? எனக்குக் கேட்டுச்சு, நீங்க சொல்லுங்க" என்றாள். சொன்னேன். எழுபது வயதில் முதல் தடவையாக அந்த வார்த்தையைச் சொல்கிறேன். வாய் ஒன்றும் அழுகிவிடவில்லை.

பதிவுகளைத் திருப்பிக் கேட்டபோது, நீ சொன்ன இடைவெளியை நானே கண்டுபிடித்தேன். நல்லது நடந்தால் என் நாக்கு முந்துகிறது. கெட்டது நடந்தால் நிற்கிறது. இது மைதானத்தில் மட்டும் வந்த வழக்கம் இல்லை. பரீட்சையில் தவறிய பிள்ளையிடம் விடைத்தாளைக் கொடுக்கும்போது, "உன் கையெழுத்து அழகா இருக்கு" என்றுதான் ஆரம்பிப்பேன். அந்தப் பிள்ளைகள் கையெழுத்தைப் பற்றிய பேச்சு முடியட்டும் என்று காத்துக்கொண்டு நின்றது இப்போது நினைவுக்கு வருகிறது.

அன்றைக்கு உன்னிடம் அப்படிச் சொன்னது தப்பு என்று நான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. அடுத்த வாரமே உண்மையைச் சொல்லியிருக்கலாம், அவ்வளவுதான். இதில் நாம் ஒத்துப்போகாவிட்டால் போகட்டும். ஆனால் அந்தக் கண்ணாடி அறையில் நான்தான் உட்காரப் போகிறேன். இரண்டாவது பதிவு நாளை வரும். மழையில் நடந்த ஆட்டம், நாம் படுதோல்வி. கேட்டுப் பார்.

உன் அக்கா


ஏப்ரல் 27

அக்கா,

தேர்ச்சி. முதல் வகுப்பு என்று சொல்ல மாட்டேன்.

மூன்றாவது கோலின்போது லேசாகத் தடுமாறினாய். நான்காவதில் இல்லை. தடுப்பாட்டக்காரர்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள், பந்து நடுவே போனது என்றாய். எனக்கு இருவர்மேலும் எரிச்சல் வந்தது. நல்ல எரிச்சல். பந்து வெளியே போயிருந்தபோது நீ சொன்ன அந்தக் குடை உதாரணம் இருக்கட்டும், அது நன்றாக இருந்தது.

கிளப்காரர்கள் கேட்ட நினைவுக் குறிப்பை நானும் எழுதி அனுப்பிவிட்டேன். உன்னிடமிருந்து வந்தது எதையும் எழுதவில்லை. என் காதுக்கு வந்ததை மட்டும் எழுதினேன். தகரக் கூரைமேல் மழை விழுந்தால் கூட்டத்தின் சத்தம் கீழே அமுங்கி, எல்லாரும் போர்வைக்குள் கத்துவது போலிருக்கும். பந்து கம்பத்தில் பட்டால் அந்த அதிர்வு பலகை வழியாக என் தொடை வரைக்கும் வரும். நமக்குப் பின்னால் ஒருவர், நம் ஆட்கள் வாய்ப்பைக் கோட்டைவிடும் போதெல்லாம் தன் மைத்துனரைத் திட்டுவார். மைத்துனர் அணியில் இல்லை, மைதானத்துக்கே வந்ததில்லை. ஆட்டம் முடிந்து கூட்டம் இறங்கும்போது பலகைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பெருமூச்சு விடும். நாம் எப்போதும் கடைசியாக இறங்குவோம். கடைசியில் நம் காலடி மட்டும் கேட்கும். இவ்வளவும் என்னுடையது. எழுதி முடித்தபோதுதான், இவ்வளவு இருக்கிறதே என்று தோன்றியது.

நான் உன் பக்கத்தில் உட்கார மாட்டேன். குழுவோடு கிழக்கு கேலரியில் இருப்பேன். நீ உன் வேலையைச் செய். நான் அங்கே இருப்பதை மறந்துவிடு.

தம்பி


மே 19

தம்பிக்கு,

நீ இருப்பதை மறந்துவிடு என்றாய். அது மட்டும் முடியவில்லை. கண்ணாடி அறையிலிருந்து பார்த்தால் உங்கள் வரிசை நேர் எதிரே தெரிகிறது. நீ நீலச் சட்டை. அதன் பிறகு அந்தப் பக்கம் திரும்பவே கூடாது என்று கழுத்தைக் கட்டுப்படுத்திக்கொண்டேன்.

அந்த அறைக்குள் வெளிச்சத்தம் வருவதே இல்லை. ஊரே வாயைத் திறந்து மூடுகிறது, கேட்பது என் குரல் மட்டும்தான். நன்றாகத்தான் போனது. இரு பக்கமும் கோல் இல்லை. இந்த மைதானத்தின் கடைசி ஆட்டம், தோற்காமல் முடித்துவிடுவார்கள் என்று நினைத்தேன். நடுவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அதையும் சொன்னேன்.

அப்போது அவர்கள் பக்கத்திலிருந்து ஒரு சோம்பேறி அடி. வலுவே இல்லாத பந்து. நம் கோல்கீப்பர், 'கதவு' என்று செல்லமாகக் கூப்பிடுகிறார்களே அந்தப் பையன், குனிந்தான். கையில் வாங்கினான். அது நழுவியது. என் நாக்கு நிற்கப் பார்த்ததை நான் உணர்ந்தேன். உண்மையாகவே உணர்ந்தேன், வண்டி மேட்டில் நிற்கப் பார்ப்பது மாதிரி.

"பந்து கையை விட்டு நழுவுது. காலுக்கு நடுவுல போகுது. கோல். நம்ம வலையில. அவன் தப்பு" என்றேன்.

'அவன் தப்பு' என்பதை வேண்டுமென்றேதான் சேர்த்தேன். சேர்க்காவிட்டால் ஏதோ மிச்சம் வைத்த மாதிரி இருந்திருக்கும். அவன் உட்கார்ந்துவிட்டான், யாரும் பக்கத்தில் போகவில்லை, இப்போது ஒருவன் போகிறான், இவன் கையைத் தட்டிவிடுகிறான் என்று சொல்லிக்கொண்டே போனேன். விசில் ஊதினார்கள். உதாரணம் சொல்லும் அளவு நேரம் இருந்தது. எனக்கு ஒன்றும் வரவில்லை. வராததும் நல்லதுதான்.

அறையைத் திறந்துகொண்டு கீழே ஓடினேன். ஓடினேன் என்றால் என் வயதுக்கு ஓடினேன். உங்கள் வரிசையில் ஹெட்போன்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். நீ முதல் ஆளாகக் கிளம்பிவிட்டாய் என்றாள் அந்தக் கிளப் பொறுப்பாளர் பெண். எதிலாவது பிழை செய்தேனா? எழுது. திட்டினாலும் சரி.

உன் அக்கா


மே 24

அக்கா,

பிழை இல்லை.

நீ அறைக்குள் இருந்ததால் உனக்குக் கேட்டிருக்காது. அந்தப் பந்து நழுவியபோது கிழக்கு கேலரி முழுவதும் 'ஐயோ' என்றது. நானும் சொன்னேன். கூட்டத்தின் சத்தத்தைக் கேட்டுவிட்டு அதற்குப் பிறகு சொல்லவில்லை. அதோடு சேர்ந்தே சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான் அதைக் கவனித்தேன். என் வாய் அவர்கள் வாயோடு சேர்ந்து திறந்திருக்கிறது, அக்கா. இத்தனை வருடம் அந்த மைதானத்துக்கு வந்து, முதல் தடவையாக எல்லாரும் தோற்ற அதே நொடியில் நானும் தோற்றேன்.

எனக்கு முன்வரிசையில் இருந்தவர் பார்வை உள்ளவர். ஆத்திரத்தில் யாரிடம் பேசுகிறோம் என்றுகூடப் பார்க்காமல் பின்னால் திரும்பி, "பாத்தீங்களா சார் அந்தக் கொடுமைய? ஒரு சின்னப் புள்ள புடிச்சிருக்கும்" என்றார்.

"பாத்தேன் சார். கையில வாங்கிட்டு விட்டுட்டான்" என்றேன்.

அவர் இன்னும் ஏதோ திட்டினார், நானும் திட்டினேன். அந்தக் 'கதவு' ஒரு ஜன்னல்கூட இல்லை என்றேன், அவர் ரசித்தார். வெளியே வரும் வரை இருவரும் புலம்பிக்கொண்டே இறங்கினோம். என் வெள்ளைத் தடியை அவர் எப்போது கவனித்தார் என்று தெரியவில்லை. கவனித்தபோதும் பேச்சை மாற்றவில்லை.

ஆகஸ்டில் புதிய ஸ்டேடியம் திறக்கிறார்கள். அங்கேயும் உன்னையே போட வேண்டும் என்று குழுவில் இந்த முறை முதலில் கையைத் தூக்கியது நான். தண்ணீர் குடித்துக்கொண்டு பேசு, கடைசி கால்மணி நேரம் தொண்டை கட்டிவிட்டது.

உன்னைப் பார்க்காமல் ஏன் கிளம்பினேன் என்று கேட்கிறாய். கோபத்தில் இல்லை. நீ ஓடி வருவாய், என் கையைப் பிடித்துக்கொள்வாய், "பரவால்லடா" என்பாய் என்று எனக்குத் தெரியும். தோல்வி அப்போதுதான் கைக்கு வந்திருந்தது, சுடச்சுட, முழுசாக. அதை அப்படியே வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போக வேண்டும் போலிருந்தது.

தம்பி